ஆழமில்லாத ஆற்றில் ஓடிய கப்பல்



"அக்கா, உங்கள் பக்கத்தில் மாதாமாதம் சர்க்கரை, இரத்தக்கொதிப்பு, டெங்கு என்று நோயாகவே வருகிறதே, ஒரு தடவையாவது இயந்திரத்தைப் பற்றி எழுதக் கூடாதா?" என்று வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். நாம் குடியிருக்கும் பபேடான் என்ற பெயருக்கே பர்மிய மொழியில் 'கொல்லர்கள் வரிசை' என்று அர்த்தம். அடுத்திருக்கும் பான்சோடான் 'சாயக்காரர்கள் வரிசை'. இரும்பு அடித்தவர்களின் பெயரைச் சுமக்கும் பேட்டையில் இருந்துகொண்டு இயந்திரத்தைப் பற்றிப் பேசாவிட்டால் எப்படி? அதனால் இந்த மாதம் பின்சக்கரப் படகு. அதன் கடைசியில் நர்ஸ் வேலையும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தெருவிலிருந்து தெற்கே நடந்தால் ஸ்ட்ராண்ட் ரோடு, அதைத் தாண்டினால் ஆறு. பான்சோடான் தெருவில் 1933-இல் கட்டிய ஒரு பெரிய கல் கட்டடம் இருக்கிறது. இன்று அது உள்நாட்டு நீர்ப் போக்குவரத்து அலுவலகம். கட்டியபோது அது ஐராவதி பிளோட்டில்லா கம்பெனியின் தலைமை அலுவலகம். எதிர்க்கரையில் டலாவில் அந்தக் கம்பெனியின் கப்பல் பட்டறை இருந்தது. நம் தாத்தா காலத்து ஆட்கள் 'பிளாட்டில்லா ஸ்டீமர்' என்று சொன்னது இந்தக் கம்பெனியின் கப்பல்களைத்தான்.

ஆறு பெரிது, ஆழம் சிறிது

ஐராவதி ஆறு ஏறக்குறைய 2,170 கிலோமீட்டர் நீளம். கடலிலிருந்து பாமோ வரைக்கும் கப்பல் போகும். வரைபடத்தில் பார்த்தால் எந்தக் கப்பலும் சுலபமாகப் போய்விடும் போலத் தெரியும். ஆனால் மழைக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவே மந்தலே பக்கத்தில் நீர்மட்டம் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆறு மெலிந்துவிடும். போன வருடம் தண்ணீர் ஓடிய இடத்தில் இந்த வருடம் மணல்திட்டு இருக்கும். சிந்துவின் ஆற்றில் நிலைமை இன்னும் மோசம். ஹோமலின் வரைக்கும் போக வேண்டிய கப்பல் இரண்டரை அடித் தண்ணீரில்கூட மிதக்க வேண்டியிருந்தது. இரண்டரை அடி என்றால் ஒரு சின்னப் பையனின் இடுப்பளவு.

அதனால்தான் படகின் முன்னால் ஒருவர் வரி போட்ட நீள மூங்கிலைத் தண்ணீரில் ஊன்றி, ஆழத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவார். மேலே சுக்கான் பிடிப்பவர் அந்தக் குரலைக் கேட்டுத்தான் படகைத் திருப்புவார். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றிலும் இதே வேலை உண்டு. அங்கே 'மார்க் ட்வெயின்' என்று கூவினால் பன்னிரண்டு அடி ஆழம், பயமில்லை என்று பொருள். இளம் வயதில் அந்த ஆற்றில் படகு ஓட்டிய ஒருவர் பிற்பாடு அதையே தன் புனைபெயராக வைத்துக்கொண்டார். பள்ளிப் பாடத்தில் அவரைப் படித்திருப்பீர்கள்.

இப்படிப்பட்ட ஆற்றில் இன்றைய கப்பல்களைப் போல அடியில் விசிறி வைத்தால் என்ன ஆகும்? விசிறி முழுவதும் தண்ணீருக்குள் முங்கியிருந்தால்தான் தள்ளும். மூன்றடி விசிறிக்கு மூன்றடிக்கு மேல் தண்ணீர் வேண்டும். மணலில் தட்டினால் இதழ் வளைந்துவிடும், தண்டு கோணிவிடும். சக்கரத்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சக்கரத்தின் பெரும்பகுதி ஆகாயத்தில்தான் சுற்றும். எந்த நேரத்திலும் கீழே இருக்கும் இரண்டு மூன்று பலகைகள் மட்டும் தண்ணீரில் கொஞ்சம் முங்கி, தண்ணீரைப் பின்னால் தள்ளும், படகு முன்னால் போகும். கட்டை மோதி ஒரு பலகை உடைந்தால் கரை ஓரம் கட்டி, ஒரு தச்சர் புதுப் பலகையைப் போல்ட் போட்டு முடுக்கிவிடுவார். பட்டறைக்கு இழுத்துப் போக வேண்டியதில்லை.

பக்கத்தில் ஒன்றா, பின்னால் ஒன்றா?

சக்கரத்தை இரண்டு விதமாக வைக்கலாம். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று வைத்தால் பக்கச்சக்கரக் கப்பல். ஐராவதியின் பெரிய கப்பல்கள் இந்த வகை. சயாம் என்ற வகைக் கப்பல் 326 அடி நீளம். ஆனால் சக்கரம் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருப்பதால் அகலமான இடம் வேண்டும். ஒரே சக்கரத்தைப் படகின் பின்பக்கத்தில், ஏறக்குறைய படகின் முழு அகலத்துக்கும் வைத்தால் அது பின்சக்கரப் படகு. குறுகலான வளைவுகளில் போகும். மிதந்து வரும் மரக்கட்டை முதலில் படகின் உடலில்தான் மோதும், சக்கரம் பின்னால் ஒளிந்து தப்பித்துக்கொள்ளும். துறை இல்லாத கிராமத்தில் மூக்கை நேராகக் கரையில் முட்டி நிறுத்தி, பலகை போட்டு ஆட்களை ஏற்றலாம். அதனால் சிந்துவின் மாதிரி சின்ன ஆறுகளுக்குப் பின்சக்கரமே பொருத்தம்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. படகின் அடிப்பாகம் தட்டையானது, ஆழமில்லாதது. அதன் ஒரு நுனியில் டன் கணக்கில் கனமான சக்கரம் தொங்குகிறது. நடுப்பகுதி மிதந்து மேலே வரும், பின்பகுதி கனத்தில் கீழே போகும். நாளாக ஆக படகின் முதுகு வளைந்துவிடும். இதைத் தடுக்க, முன்னிருந்து பின்வரை இரும்புக் கம்பிகளை, நடுவே நிறுத்திய கம்பங்களின் தலைமேல் ஏற்றி, இழுத்துக் கட்டினார்கள். இரண்டு கம்பத்துக்கு நடுவே துணி காயப்போடும் கயிற்றை முறுக்கி விறைப்பாக்குவது போல, அந்தக் கம்பியிலும் திருகு இருக்கும். முதுகு தொய்ந்தால் திருகை முடுக்க வேண்டும். எங்கள் எலும்பு வார்டில் கால் முறிந்தவர்களுக்கு எடை கட்டி இழுத்து வைப்போமே, ஏறக்குறைய அதே யோசனை.

சுக்கான்களைச் சக்கரத்துக்கு முன்னால், படகின் உடலுக்கு அடியில் வரிசையாக மூன்று நான்கு வைப்பார்கள். சில படகுகளில் சக்கரத்துக்குப் பின்னாலும் கூடுதலாக இரண்டு உண்டு. இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினால் அது தள்ளும் தண்ணீர் நேராக முன்னால் இருக்கும் சுக்கான்கள் மேல் பாயும். படகு முன்னே போகாமல் நிற்கும்போதும், பின்னே வரும்போதும் சுக்கானுக்குப் பிடி கிடைக்கும். நீரோட்டம் இழுக்கும் வளைவில் படகை மெதுவாகச் சாய்த்துக் கொண்டுபோக இந்தப் பிடி மிகவும் உதவும்.

இழுப்பதா, தள்ளுவதா?

சரக்கு அதிகமானால் அதை எல்லாம் இயந்திரப் படகிலேயே ஏற்ற முடியாது. இயந்திரம் இல்லாத தட்டைப் படகுகளில் ஏற்றி, ஒரு இயந்திரப் படகு அவற்றைக் கொண்டுபோகும். ஐராவதியில் அவற்றுக்குப் 'பிளாட்' என்று பெயர். ஸ்டீமரின் இடப்பக்கம் ஒரு பிளாட், வலப்பக்கம் ஒரு பிளாட் என்று கட்டி, மூன்றும் ஒன்றாக ஆற்றில் வரும். அரிசி, பருத்தி, தேக்கு, நிலக்கடலை, ஆள், ஆடு எல்லாம் அதில் உண்டு. கரையோரக் கிராமங்களுக்கு அது மிதக்கும் சந்தை. அமெரிக்க ஆறுகளில் வேறு பழக்கம். பார்ஜுகளை ஒன்றோடொன்று இறுக்கக் கட்டி முன்னால் வைத்து, படகு பின்னாலிருந்து தள்ளும். பெயரில் மட்டும் இழுவைப் படகு, வேலையெல்லாம் தள்ளுவது. கயிற்றில் கட்டிப் பின்னால் இழுத்தால், வளைவில் பார்ஜுகள் ஆளுக்கொரு பக்கம் ஓடும். தள்ளினால் எல்லாம் ஒரே உடலாகத் திரும்பும். நம் சந்தையில் தள்ளுவண்டிக்காரர் நெரிசலில் வண்டியை முன்னால் வைத்துத் தள்ளுவது ஏன் என்று யோசித்துப் பாருங்கள், புரியும்.

ஆவி போய் டீசல் வந்தது

முதலில் எல்லாப் படகிலும் ஆவி இயந்திரம்தான். விறகோ நிலக்கரியோ எரித்து, பாய்லரில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியால் பிஸ்டனைத் தள்ளி, நீளமான இணைப்புத் தண்டு வழியாகச் சக்கரத்தைச் சுற்றுவார்கள். ஆவி இயந்திரம் மெதுவாகவும் பலமாகவும் சுற்றும், சக்கரத்துக்கு அது நேராகப் பொருந்தும். ஆனால் புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே நெருப்பு மூட்ட வேண்டும், கரி தள்ளும் ஆட்கள் வேண்டும், வழியெல்லாம் விறகு ஏற்ற வேண்டும். பாய்லர் வெடித்தால் தப்புவது கஷ்டம். 1865 ஏப்ரல் 27 அன்று மிசிசிப்பியில் மெம்பிஸ் அருகே சுல்தானா என்ற பக்கச்சக்கரக் கப்பலின் பாய்லர்கள் வெடித்தன. 376 பேருக்கு அனுமதி பெற்ற கப்பலில் 2,000-க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் சிறையிலிருந்து விடுபட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த போர்வீரர்கள். 1,100-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் பொறியாளர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் தன் இயந்திரத்தை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அதன் யோசனை எளிது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறது அல்லவா? காற்றை நெருக்கினால் சூடு ஏறும். டீசல் இயந்திரம் காற்றைப் பதினைந்து, இருபது மடங்கு நெருக்குகிறது. சூடு 500 டிகிரிக்கு மேல் போய்விடும். அந்த நேரத்தில் எண்ணெயைத் துளித்துளியாகப் பீய்ச்சினால் அது தானாகப் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் இயந்திரத்தைப் போல மின்பொறி தேவையில்லை. இந்த ஒரு விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது ஒரு உயிர் விஷயமாக வரும்.

டீசலால் ஓடிய முதல் கப்பல்களில் ஒன்று ஆற்றுக்குப் போனதுதான். 1903-இல் நோபல் சகோதரர்களின் எண்ணெய்க் கம்பெனி 'வண்டால்' என்ற எண்ணெய்க் கப்பலை ரஷ்யாவின் வோல்கா ஆற்றில் ஓடவிட்டது. அந்தக் காலத்து டீசல் இயந்திரத்தைப் பின்னோக்கிச் சுற்ற முடியாது. அதனால் டீசல் மின்சாரம் உண்டாக்க, மின்மோட்டார்தான் விசிறியைச் சுற்றியது.

சக்கரத்தோடு டீசலைச் சேர்ப்பதில் இன்னொரு கஷ்டம். உதாரணமாக டீசல் இயந்திரம் நிமிடத்துக்கு 300 தடவை சுற்றுகிறது, துடுப்புச் சக்கரம் 20 தடவைதான் சுற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைப் பதினைந்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் இருந்தால் மேட்டில் மிதிப்பது சுலபம், ஆனால் மெதுவாகப் போகும். அதே கணக்குதான் இங்கேயும். பல்சக்கரம், சங்கிலி என்று ஒன்றிரண்டு படிகளில் வேகத்தைக் குறைத்தால், குறைந்த வேகம் அதிக பலமாக மாறிச் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். ஆவிக்கு வேண்டாத கியர் பெட்டி டீசலுக்குக் கட்டாயம் வேண்டும்.

இப்படிக் கட்டிய ஒரு தள்ளுபடகு அமெரிக்காவில் இன்னும் இருக்கிறது. 1923-இல் மேற்கு வர்ஜீனியாவின் பாயிண்ட் பிளசன்ட் ஊரில் மரியெட்டா கம்பெனி அதைக் கட்டியது. ஒஹாயோ ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனிக்காக எண்ணெய்ப் பார்ஜுகளைத் தள்ளிய அந்தப் படகுக்கு முதலில் 'ஸ்டாண்டர்ட்' என்று பெயர், 1940-இல் 'டொனால்ட் பி' ஆனது. பெரிதாக எதையும் மாற்றாமல் பிழைத்து வந்த படகு என்பதால் 1989-இல் அதை தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். நமக்குப் பக்கத்திலும் உறவுக்காரக் கப்பல்கள் உண்டு. பங்களாதேஷில் 'ராக்கெட்' என்று அழைக்கப்படும் மசூத், ஆஸ்ட்ரிச் போன்ற கப்பல்கள் 1920-களின் கடைசியில் கல்கத்தா கார்டன் ரீச்சில் கட்டியவை, பக்கச்சக்கர வகை. அவற்றின் ஆவி இயந்திரத்தைக் கழற்றி டீசல் பூட்டினார்கள், சக்கரத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

நம் ஆற்றின் கதை

ஐராவதி பிளோட்டில்லா கம்பெனி ஸ்காட்லாந்துக்காரர்களால் 1865-இல் தொடங்கப்பட்டது. அதாவது சுல்தானா வெடித்த அதே வருடம். கப்பல்களில் பெரும்பாலானவை ஸ்காட்லாந்தில் டம்பார்டன் ஊரில் டென்னி கம்பெனியார் செய்தவை. பாகங்களாகக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே பொருத்தினார்கள். கப்பல்களில் சாரங்கும் சுக்கானியும் பெரும்பாலும் சிட்டகாங் ஆட்கள். ரங்கூன் துறையில் மூட்டை சுமந்தவர்களில் ஏராளமானோர் நம் கரையோர மாவட்டங்களிலிருந்தும் தெலுங்கு தேசத்திலிருந்தும் வந்தவர்கள்.

1885 நவம்பரில் ஆங்கிலப் படை மந்தலேவுக்குப் போனது இந்தக் கம்பெனியின் கப்பல்களில்தான். தீபா ராஜாவை அந்த மாதம் 29-ஆம் தேதி 'தூரியா' என்ற ஸ்டீமரில் ஏற்றி ரங்கூனுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து அவரை முதலில் கொண்டுபோனது நம் சென்னைக்குத்தான், பிறகுதான் இரத்தினகிரி. ஆற்றுக் கப்பல் அரிசியும் சுமக்கும், அரசரின் கண்ணீரும் சுமக்கும்.

1920-களின் கடைசியில் கம்பெனியிடம் 600-க்கு மேற்பட்ட படகுகள். வருடத்துக்கு 80, 90 லட்சம் பேர் பயணம் செய்தார்கள். உலகிலேயே பெரிய ஆற்றுக் கப்பல் கூட்டம் என்று பேர் வாங்கியது. பிறகு 1942 வந்தது. ஜப்பானியப் படை வடக்கே முன்னேறியது. பர்மாவில் இருந்த இந்தியர்களில் சுமார் ஐந்து லட்சம் பேர் நடந்தும் கப்பலிலும் ஊரைவிட்டுப் போனார்கள். நம் சபையில் பல குடும்பங்களில் இந்தக் கதை உண்டு. சிந்துவின் ஆற்றின் ஸ்டீமர்கள் மொனீவாவிலிருந்து கலேவாவுக்கு அகதிகளை ஏற்றிப் போயின. மே மாதம் ஷ்வேஜினிலிருந்து கலேவா வரை ஆறு மைல் தூரம், பின்வாங்கிய படையையும் அவையே ஏற்றின. இரண்டரை அடித் தண்ணீரில் மிதக்கும்படி யாரோ ஒரு பொறியாளர் போட்ட கணக்கு, அன்றைக்கு ஆயிரக்கணக்கான பேருக்குத் தாமு வழியாக மணிப்பூர் போய்ச் சேரும் பாதையைத் திறந்துவிட்டது.

மற்றக் கப்பல்கள் எதிரியின் கையில் சிக்கக் கூடாது என்று, கம்பெனி ஆட்களே 200-க்கு மேற்பட்டவற்றை மந்தலே முதல் மேலே உள்ள ஊர்கள் வரை ஆற்றில் மூழ்கடித்தார்கள். வருடக்கணக்காகத் துடைத்து எண்ணெய் போட்ட இயந்திரத்தைத் தன் கையாலேயே மூழ்கடிப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

போர் முடிந்ததும் புதுக் கப்பல்கள் வந்தன. அவற்றில் ஒன்று 1947-இல் கிளாஸ்கோவில் யாரோ கம்பெனி கட்டிய 'பண்டோ' என்ற பின்சக்கரக் கப்பல். அடுத்த வருடம் நாடு சுதந்திரம் அடைந்தது, கம்பெனி அரசுடைமை ஆனது. பண்டோ ஐம்பது வருடம் உழைத்து, பிறகு 1990-களின் கடைசியில் பழுதுபார்க்கப்பட்டு, டீசலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றியது.

சக்கரம் ஏன் தோற்றது? கப்பலின் அடியில் சுரங்கம் மாதிரி ஒரு குடைவு செய்து அதற்குள் விசிறியை வைக்கக் கற்றுக்கொண்டார்கள். விசிறி சுற்றும்போது குடைவு தண்ணீரால் நிரம்பிவிடும், ஆழம் குறைந்த இடத்திலும் வேலை செய்யும். இந்த வித்தையில் பேர்போன கம்பெனிகளில் அதே யாரோவும் ஒன்று. விசிறி சின்னது, விலை குறைவு, வேகமாகச் சுற்றுவதால் டீசலுக்கு இன்னும் பொருத்தம். சக்கரம் மெல்ல அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. டீசல் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. இன்று டலாவுக்குப் போகும் படகு, துவாண்டே கால்வாயில் போகும் சரக்குப் படகு, டெல்டா கிராமத்தில் ஒற்றைச் சிலிண்டர் பூட்டிய மரப்படகு, மின்சாரம் போனால் நம் தெருவில் உறுமும் ஜெனரேட்டர், எல்லாவற்றுக்கும் உயிர் அதுதான்.

இப்போது நர்ஸ் அக்கா பேசுகிறேன்

பெரிய கப்பல்களில் இயந்திர அறைக்குக் கதவு உண்டு, சுற்றும் தண்டுக்கு மூடி உண்டு, சக்கரத்தைச் சுற்றி வேலி உண்டு. சின்னப் படகுகளில் இயந்திரத்திலிருந்து விசிறிக்குப் போகும் தண்டு பல நேரம் ஆட்கள் உட்காரும் இடத்துக்கு நடுவே திறந்தபடி சுற்றும். பார்க்க அசையாதது போல வழவழப்பாக இருக்கும். ஒரு நூல் பட்டால் போதும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வார்டுக்கு டெல்டாப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வந்தான். ஓடும் படகில் தேங்கிய தண்ணீரை இறைக்கத் தண்டைத் தாண்டிக் கால் வைத்திருக்கிறான். லுங்கி சுற்றிக்கொண்டது. கூட இருந்தவர்கள் பதறிப்போய் அவனைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். ஒருவர் பாட்டரி ஒயரைப் பிடுங்கியிருக்கிறார். இயந்திரம் நிற்கவில்லை. உயிர் பிழைத்தான், முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. ஒரு நாள் கட்டுப் போடும்போது, "அமா, அந்தத் தண்டுக்கு மேலே ஒரு பலகை போட எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டான். நான் என்ன பதில் சொல்ல? ஒரு பலகை, நான்கு ஆணி.

ஏன் இயந்திரம் நிற்கவில்லை? மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள். டீசலுக்கு மின்பொறி வேண்டாம். ஒயரைப் பிடுங்கினால் அதற்கு ஒன்றும் ஆகாது. எண்ணெயை நிறுத்தினால்தான் நிற்கும். ஒவ்வொரு டீசல் இயந்திரத்திலும் எண்ணெயை அடைக்கும் ஒரு கைப்பிடி இருக்கிறது. படகில் ஏறினால் அது எங்கே இருக்கிறது என்று ஓட்டுபவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "தம்பி, அத எதுக்குக் கேக்குற?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பிரேசிலில் அமேசான் ஆற்றில் இதே மாதிரி திறந்த தண்டில் கூந்தல் சிக்கி, தலைத்தோலோடு பிய்ந்துபோன பெண்களும் சிறுமிகளும் ஏராளம். அவர்கள் ஒன்றுகூடிக் குரல் கொடுத்தார்கள். 2009-இல் படகுகளின் இயந்திரத்தையும் தண்டையும் மூடியே தீர வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. விபத்துக்கு ஆளானவர்கள் வாய் திறந்ததால் வந்த சட்டம் அது.

ஆகவே தம்பி தங்கைகளே, விடுமுறைக்கு உறவினர் ஊருக்குப் படகில் போகும்போது இவற்றை மனதில் வையுங்கள்:

கூந்தலைக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். லுங்கியை மடித்து இறுக்கிக் கட்டுங்கள். துப்பட்டாவைப் பையில் வையுங்கள். ஓடும் தண்டைத் தாண்டாதீர்கள்.

யாராவது சிக்கிக்கொண்டால் முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள், இழுக்காதீர்கள். நின்ற பிறகு துணியைக் கத்தரியுங்கள்.

இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். கை காலில் அழுத்தியும் நிற்காமல் பீறிட்டால், காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள்.

விரலோ தோலோ துண்டாகப் போயிருந்தால் தூக்கி எறியாதீர்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுவாருங்கள். ஐஸ் நேராகப் படக் கூடாது.

புகைக்குழாய் சுட்டுவிட்டால் இருபது நிமிடம் சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள். பற்பசை, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

இயந்திர வேலைக்குப் போகும் தம்பிகளுக்கு இன்னும் இரண்டு. நாள் முழுதும் 85 டெசிபலுக்கு மேல் சத்தத்தில் இருந்தால் காது மெல்லச் செத்துவிடும், திரும்பி வராது. காதடைப்பான் விலை ஒரு டீயும் பலகாரமும்தான். அடுத்தது புகை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-இல் உறுதியாகவே சொல்லிவிட்டது. நம் வீட்டுப் பக்கம் ஜெனரேட்டர் வைத்தால் புகைக்குழாய் யார் ஜன்னலைப் பார்க்கிறது என்று பாருங்கள். எந்த ஜெனரேட்டரையும் கடைக்குள்ளேயோ மாடிப்படிக்குக் கீழேயோ வைத்து ஓட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

உங்களில் யாருக்காவது இந்த இயந்திரங்கள் மேல் ஆசை இருந்தால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. கப்பல் கட்டவும் இயந்திரம் ஓட்டவும் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். நன்றாகப் படித்து, ஆழமில்லாத நம் ஆறுகளுக்கு ஏற்ற நல்ல படகு ஒன்றை வரையுங்கள். அதில் தண்டுக்கு மேல் பலகையை மறக்காமல் போடுங்கள்.

அடுத்த மாதம் மறுபடியும் நோய்தான், தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். மழைக்காலம் வருகிறது, பாம்புக்கடி பற்றி எழுதச் சொல்லிப் பல தாய்மார்கள் கேட்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் நர்ஸ் அக்கா